பதினொன்றுக்கு மூன்று சீட்டு

ஃபிட்டருக்கு ஐம்பத்தெட்டு வயதில் வாத்தியார் வேலை வந்து சேர்ந்தது. அவர் தேடிப் போகவில்லை. முப்பத்து நாலு வருஷம் அரம் பிடித்த தொழிற்சாலையை ஒரு திங்கட்கிழமை காலையில் இழுத்து மூடினார்கள். அடுத்த மாதமே மச்சினன் வந்து நின்றான்.

"அத்தான், தொழில் பயிற்சிப் பள்ளியில ஃபிட்டர் வேலை சொல்லிக் கொடுக்க ஆள் தேடுறாங்க. உங்களைப் பத்திச் சொல்லி வச்சிருக்கேன்."

"ஆறாம் வகுப்போட பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். என்னை வாத்தியாராப் போட்டா அது உருப்படுமா?"

"புத்தகப் பாடத்துக்கு வேற ஆள் இருக்காங்க. நீங்க கையால செஞ்சு காட்டினாப் போதும்."

மச்சினன் சொன்னதை ஃபிட்டர் பாதிதான் நம்பினார். யார் சொன்னாலும் அவர் பாதிதான் நம்புவார். தொழிற்சாலையில் அவருடைய பெட்டிக்கு இரண்டு பூட்டு. ஒன்றின் சாவி சட்டைப் பையில், மற்றதன் சாவி சாப்பாட்டுத் தூக்கின் அடித்தட்டில். அப்படி இருந்தும் இரண்டு மூலைமட்டம் காணாமல் போயிருக்கிறது. ஆகவே உலகத்தைப் பற்றி அவருக்கு ஒரு முடிவு இருந்தது.

பள்ளி முதல்வர் அம்மா முதல் நாளே கறாராகப் பேசினார்.

"ஆறு மாசம் உங்களைப் பார்ப்போம். கைவேலை உங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். பிள்ளைங்களை அடக்கத் தெரியுதான்னுதான் பார்க்கணும். கை நீட்டக் கூடாது. கெட்ட வார்த்தை கூடாது. அடங்கலைன்னா சீட்டு எழுதிக் கொடுங்க."

சீட்டு ரோஸ் நிறத்தில் இருந்தது. பெயர், எண், செய்த தப்பு என்று மூன்று கோடு. ஒரே ஆள் மேல் மூன்று சீட்டு சேர்ந்தால் வீட்டு ஆளை வரவழைத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு, வெளியே அனுப்பிவிடுவார்கள். அடிக்காமலே ஒருத்தன் முதுகில் ஏறிவிடலாம். படித்தவர்கள் வேலையே வேலை என்று ஃபிட்டர் நினைத்துக்கொண்டார்.

பட்டறையில் இரண்டு வரிசை மேஜைகளில், இரும்பைக் கவ்விப் பிடிக்கிற வைஸ் பதினாறு பூட்டியிருந்தது. ஒவ்வொரு வைஸின் காலிலும் சிவப்புப் பெயிண்டில் ஒரு நம்பர். முதல் நாள் யார் எந்த வைஸைப் பிடித்தார்களோ அது அவர்களுக்கு. பன்னிரண்டு பையன்கள், நாலு பெண்கள். எல்லாம் பதினேழு, பதினெட்டு வயது. மீசை முளைத்தும் முளைக்காமலும் இருக்கிற, யாருக்கும் அடங்காத வயது.

அவர் வாயைத் திறந்தார். பதினாறு அரமும் ஒரே நேரத்தில் இரும்பைத் தேய்த்தன. அவர் நிறுத்தினால் அதுவும் நின்றது. மறுபடி பேசினால் மறுபடி கிர்ர்ர். தொழிற்சாலை இரைச்சலில் கத்திக் கத்திப் பழகிய தொண்டை அது. ஒரு போடு போட்டார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அன்று சாயங்காலத்துக்குள் அவருக்குப் பெயர் வைத்துவிட்டார்கள்: சங்கு. ஆலைச் சங்கு மாதிரிக் கத்துகிறாராம்.

"டேய், சங்கு ஊதியாச்சு, எந்திரிங்கடா!"

"ஊதினது ஆலைச் சங்கா, கடைசிச் சங்கா?"

"ஆளைப் பார்த்தா கடைசிதான்டா!"

காதில் விழாத மாதிரி அவர் நடந்தார். இந்தப் பேச்சுக்கெல்லாம் மூலகாரணம் பதினொன்றாம் வைஸ்காரன். ஒல்லிக் குச்சி, வாய் மட்டும் வண்டி அகலம். ஃபிட்டர் முழங்கால் வலியில் காலைச் சாய்த்து நடப்பதை அவருக்குப் பின்னாலேயே நடந்து காட்டுவான். இரண்டாம் வாரம் வந்து, "சார், இடது கை அரம் எந்த அலமாரியில இருக்கு?" என்று பவ்யமாகக் கேட்டான். இந்த வித்தையெல்லாம் ஃபிட்டருக்குத் தெரியாதா? புதிதாக வேலைக்கு வருகிறவனை இடது கைச் சுத்தியல் வாங்கி வரச்சொல்லி அனுப்பியவர்தானே. அப்போது சிரிப்பாக இருந்தது. இப்போது காது மடல் சுட்டது.

இதற்கு நடுவில் வருகைப் பதிவேடு வேறு. பதினாறு பெயர், நுணுக்கி நுணுக்கி எழுதியிருந்தது. அவர் எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் மத்தியானம் ஆகிவிடும், வகுப்பும் சிரித்துவிடும். "என் தொண்டை வேலைக்கு வேணும், நீ படி" என்று ஒரு பையனிடம் பதிவேட்டைத் தள்ளிவிட்டார். பிள்ளைகளை வைஸ் நம்பரைச் சொல்லிக் கூப்பிட்டார். "ஏய் ஆறு, அரத்தைச் சாய்க்காதே." "ஒம்பது, அது என்ன பல் குத்துற குச்சியா?" அவரையே முப்பத்து நாலு வருஷம் முந்நூற்றுப் பன்னிரண்டு என்றுதான் கூப்பிட்டார்கள். அதில் அவருக்கு ஒரு குறையும் தெரிந்ததில்லை.

மூன்றாம் வாரம் முதல் சீட்டை எழுதினார். பெயர்க் கோட்டைக் காலியாக விட்டார். எண் 11. தப்பு: சத்தம். ஆபீஸில் எழுத்தர் வாங்கி வைத்துக்கொண்டார். மனசுக்குக் கொஞ்சம் குளிர்ச்சியாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து, சாப்பாட்டு மணி அடித்த பிறகு, நாலாம் வைஸ்காரி அவர் மேஜைக்கு முன்னால் வந்தாள். வாயில் நாக்கு இருக்கிறதா என்று சந்தேகப்படும்படியான பெண். வேலை மட்டும் சுத்தம். கொடுத்த இரும்புத் துண்டைத் தேய்த்து மூலைமட்டம் வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் நடுவில் ஒளி கசியாது.

"சார், நான் என்ன சார் செஞ்சேன்?"

ஃபிட்டர் அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலே பார்த்தார். கதவோரம் பின்வரிசைப் பயல்கள் நாலு பேர் கூட்டமாக நின்று இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதினொன்று கையால் வாயை மூடிக்கொண்டிருந்தான். இடது கை அரத்துக்கு இது அக்கா என்று அவர் முடிவு கட்டினார்.

"யார் அனுப்பினது உன்னை?"

அவள் ஒரு நொடி பின்னால் திரும்பிப் பார்த்தாள். அது போதும் அவருக்கு.

"போய்ச் சொல்லு, இந்தப் பருப்பு எங்கிட்ட வேகாதுன்னு. ஊமை மாதிரி இருந்துக்கிட்டு உனக்கும் இந்த வேலையா? போ."

அவள் போய்விட்டாள். பிறகு கேட்கவே இல்லை.

அடுத்த வாரம் இரண்டாம் சீட்டு: வேண்டுமென்றே அரத்தைக் கீழே போட்டது. அதற்கு மறுநாளே மூன்றாவது: வாத்தியாரைக் கேலி செய்தது. வெள்ளிக்கிழமை மாலை மூன்றாவதைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகும்போது அவர் முழங்கால்கூட வலிக்கவில்லை.

திங்கட்கிழமை வந்து பார்த்தால், பதினொன்று குத்துக்கல்லாட்டம் நிற்கிறான். நாலாம் வைஸில் ஆள் இல்லை. வைஸ் கவ்விய இரும்புத் துண்டு அப்படியே இருந்தது, பாதி தேய்த்தபடி. பிள்ளைகள் ஒருவரும் சிரிக்கவில்லை. அரமும் கிர்ரென்று இழுக்கவில்லை. அவர் அதைக் கவனித்தார், காரணம் புரியவில்லை.

நேரே ஆபீஸுக்குப் போனார். "மூணு சீட்டு எழுதியாச்சு, இன்னும் அந்தப் பதினொண்ணை உள்ள விட்டு வச்சிருக்கீங்களே. பேப்பர் எழுதுறது பல்லாங்குழி ஆடவா?"

எழுத்தர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "பதினொண்ணையா? அனுப்பியாச்சே சார். சனிக்கிழமையே அப்பா வந்து கையெழுத்துப் போட்டுட்டுக் கூட்டிட்டுப் போயிட்டாரு. நீங்கதான் மூணு சீட்டுலயும் பேரை எழுத மறந்துட்டீங்க. பதிவேட்டைப் பார்த்து நானே எழுதிட்டேன்." பதிவேட்டைத் திருப்பி, விரலை வைத்துக் காட்டினார். "பதினொண்ணு. இந்தப் பொண்ணு. பாவம், அப்பா அழுதுட்டாரு."

விரலுக்குக் கீழே இருந்த பெயரை ஃபிட்டர் எழுத்து எழுத்தாகப் படித்தார். பதிவேட்டில் ஒரு வரிசை, பட்டறையில் ஒரு வரிசை. பதிவேட்டின் பதினொன்று நாலாம் வைஸில் நின்றது. அவருடைய பதினொன்று பதிவேட்டில் எங்கோ மூன்றிலோ பதினாலிலோ கிடந்தான். இது ஒரு குழந்தைக்குக்கூடத் தெரிந்திருக்கும். குழந்தைக்குப் பெயர் தெரிந்திருக்கும்.

"என்ன சார், ஏதாவது…?"

"ஒண்ணுமில்ல," என்றார் ஃபிட்டர். "சரியாத்தான் இருக்கு."

அந்த இரண்டு வார்த்தையைப் பிறகு எத்தனையோ தடவை நினைத்து அவர் பல்லைக் கடித்திருக்கிறார். அங்கேயே சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. சொன்னால், ஏன் பெயர் எழுதவில்லை என்பார்கள். தெரியாது என்றால், ஒரு மாதமாகத் தினமும் பார்த்த பிள்ளையின் பெயர் தெரியாதா என்பார்கள். பதிவேட்டைப் படிக்க முடியாததுவரை போய் நிற்கும். ஆறு மாசம் பார்க்கிறோம் என்று சொல்லியிருந்தார்கள். மூடிய தொழிற்சாலை வாசலில் நின்ற நாள் அவருக்கு மறக்கவில்லை.

செவ்வாய் போயிற்று. புதன் வந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பரீட்சைப் பட்டியல் மேலே போகிறது என்று எழுத்தர் பேச்சுவாக்கில் சொன்னார். அதில் பெயர் இல்லாத பிள்ளைக்கு ஒரு வருஷம் வீண். அப்போதும் நேர் வழியில் போக ஃபிட்டருக்குக் கால் வரவில்லை. புதன்கிழமை மத்தியானம் எழுத்தரிடம் போய் நைசாகப் பேசினார்.

"அந்தப் பொண்ணு… சின்னப் பிள்ளைதானே. மன்னிச்சு விட்டுடலாம்னு பார்க்கிறேன்."

எழுத்தர் எழுந்தே நின்றுவிட்டார். "பெரிய மனசு சார் உங்களுக்கு! உங்களைக் கேலி பண்ணின பிள்ளைக்காக நீங்களே வந்து பேசுறீங்களே! பொண்ணு கைப்பட ஒரு மன்னிப்புக் கடிதம் வேணும், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை காலைக்குள்ள வாங்கிக் கொடுத்துட்டீங்கன்னா பட்டியல்ல சேர்த்துடலாம்." வீட்டு விலாசத்தையும் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தார்.

அந்தப் புகழ்ச்சியை ஃபிட்டர் மறுக்கவில்லை. தலையை ஆட்டி வாங்கிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் மனைவியிடம் பாதியைச் சொன்னார். "ஒரு பொண்ணு தப்புப் பண்ணிடுச்சு. நாளைக்கு அவங்க வீட்டுக்குப் போய் மன்னிச்சுட்டு வரணும்."

"என்ன தப்பு பண்ணுச்சு?"

ஃபிட்டர் தட்டைப் பார்த்தார்.

"உங்களைத்தான் கேட்கிறேன். திருடுச்சா? எதிர்த்துப் பேசுச்சா?"

"அது… பள்ளிக்கூட விஷயம். உனக்குப் புரியாது."

"என்ன தப்புன்னே தெரியாம மன்னிக்கிறவர நான் இப்பத்தான் பார்க்கிறேன்," என்றாள் அவள். "கல்யாணம் ஆன நாள்லேருந்து என்னை ஒரு தடவை மன்னிச்சதில்ல. எண்ணெய் பாட்டில் உடைஞ்சதை இன்னும் சொல்லிக் காட்டுறீங்க. ஊரான் பிள்ளைக்கு மட்டும் எங்கேருந்து வருதோ இந்தத் தாராளம்."

அவர் கை கழுவிவிட்டு எழுந்துகொண்டார்.

வியாழக்கிழமை மாலை வகுப்பு முடிந்ததும் விலாசத்தைத் தேடிப் போனார். குறுகலான தெரு. தையல்காரர் வீடு அது. முன்னறையில் ஜன்னலை ஒட்டித் தையல் இயந்திரம், தரையெல்லாம் வெட்டுத் துணி. பெண்ணின் அப்பா கழுத்தில் அளவு நாடா தொங்க, மிதியிலிருந்து காலை எடுத்து எழுந்தார். யாரென்று சொன்னதும் அவர் முகம் மாறியது. ஓடிவந்து இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார்.

"சார், நீங்க போய் எங்க வீட்டுக்கு… உட்காருங்க சார். இந்த நாற்காலி ஆடும், இதுல உட்காருங்க. எம் பொண்ணு இப்படிப் பண்ணுவான்னு நான் கனவுலயும் நினைக்கல சார். வயசான வாத்தியாரைக் கேலி பண்ணினாளாம். சீட்டுல அதைப் படிச்சதும் எனக்கு உயிரே போயிடுச்சு. அன்னையிலேருந்து நான் அவகூட முகம் கொடுத்துப் பேசுறதில்ல சார்."

"இல்லைங்க, நான் வந்தது…"

"தெரியும் சார். ஆபீஸ்லேருந்து ஆள் விட்டுச் சொன்னாங்க. நீங்களே இறங்கி வந்து மன்னிக்கிறீங்கன்னு. கடிதம் நானே எழுதி வச்சுட்டேன். கையெழுத்துதான் பாக்கி." மடித்த தாளை இயந்திரத்தின் இழுப்பறையிலிருந்து எடுத்தார். உள்பக்கம் திரும்பி, "ஏய், வா இங்க!" என்றார்.

அவள் வந்து கதவு நிலையில் நின்றாள். ஐந்து நாளில் முகம் சுண்டியிருந்தது. ஃபிட்டரை நேராகப் பார்த்தாள். பட்டறையில் அவள் நிமிர்ந்து அவர் பார்த்ததே இல்லை.

"சார் கால்ல விழு. விழுந்துட்டுக் கையெழுத்துப் போடு."

"போட மாட்டேன்பா."

"பார்த்தீங்களா சார்? நேத்திலேருந்து இதேதான். கெஞ்சிப் பார்த்தேன், திட்டிப் பார்த்தேன்."

"செய்யாததுக்கு எப்படிப்பா போடுறது?" அவள் குரல் ஏறவில்லை. "பரீட்சை போனாப் போகட்டும். நான் இந்தத் துணியவே தைக்கிறேன்."

"அப்போ சார் பொய் சொல்றாரா? பெத்தவன் வயசு ஆளை, வீடு தேடி வந்தவரை, மூஞ்சிக்கு நேரா…" தையல்காரர் கையை ஓங்கினார். துணி வெட்டுகிற கை, நீளமான விரல்கள். அந்தக் கை அதுவரை ஓங்கிப் பழகாதது என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. அந்தரத்திலேயே நின்றது.

ஃபிட்டர் எழுந்ததில் நாற்காலி பின்னால் விழுந்தது.

"கையை இறக்குங்க. பொண்ணு செய்யல."

தையல்காரருக்குப் புரியவில்லை. "சார், நீங்க பெரிய மனசுல சொல்றீங்க…"

"மனசும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. இவ ஒண்ணுமே செய்யல. செஞ்சவன் வேற. எனக்குப் பிள்ளைங்க பேர் தெரியாது. மேஜை நம்பரை எழுதினேன். ஆபீஸ்ல அதைப் பதிவேட்டு நம்பர்னு எடுத்துக்கிட்டாங்க. தப்பு அவங்களது இல்ல, என்னோடது. திங்கட்கிழமையே எனக்குத் தெரியும். வாயை மூடிக்கிட்டு இருந்தேன். இப்பக்கூட இந்தக் கடிதத்தை வாங்கிட்டுப் போய்த் தப்பிச்சுக்கலாம்னுதான் வந்தேன்."

தையல்காரரின் கை இறங்கி அளவு நாடாவின் இரண்டு நுனியையும் பிடித்துக்கொண்டது. அவர் திட்டியிருந்தால் ஃபிட்டர் கேட்டுக்கொண்டிருப்பார். அவர் திட்டவில்லை. மகள் பக்கம் திரும்பினார். விழுந்த நாற்காலியை நிமிர்த்தி வைத்தார். ஐந்து நாள் முகம் கொடுத்துப் பேசாத வீட்டில் முதல் வார்த்தையை எங்கிருந்து ஆரம்பிப்பது?

"ஒரு தாள் கொடும்மா," என்றார் ஃபிட்டர். "நான் எழுதுறேன்."

தையல் மேஜையில் துணியை ஒதுக்கி உட்கார்ந்து எழுதினார். அரம் பிடிக்கிற மாதிரி பேனாவைப் பிடித்தார். அரைப் பக்கத்துக்கு அரை மணி ஆயிற்று. நடுவில் ஒரு இடத்தில் நின்றார்.

"உன் பேர் என்னம்மா?"

எழுத்தர் விரலுக்குக் கீழே ஒரு தடவை படித்ததுதான்; அது சரிதானா என்ற பயம். அவள் சொன்னாள். அவர் எழுதிக் காட்டினார். அவள் பார்த்துவிட்டு, சரி என்று தலையைக்கூட ஆட்டவில்லை. தப்பாக இருந்தால் சொல்லியிருப்பாள் என்று எடுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை முதல்வர் அம்மா கடிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"பதிவேடு படிக்க வராதுன்னும் எழுதியிருக்கீங்களே. இதை எழுதாம விட்டிருக்கலாம்."

"விட்டா, ஏன் பேர் தெரியலைன்னு நீங்க கேட்பீங்க."

"பொண்ணைப் பட்டியல்ல சேர்த்துடுறேன். ஆனா இது உங்க ஃபைல்ல இருக்கும். ஆறு மாசம் முடியும்போது முதல்ல இதைத்தான் பார்ப்பாங்க. எனக்கு வேற வழியில்ல."

"பார்க்கட்டும்," என்றார் ஃபிட்டர். தைரியத்தில் சொல்லவில்லை. வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

பட்டறைக்குப் போகிற வழியில் பதினொன்று நின்றுகொண்டிருந்தான். வாய் மூடியிருந்தது.

"சார், அது நான்தான்னு எங்க எல்லாருக்கும் தெரியும் சார்."

"தெரிஞ்சு ஏன்டா சொல்லல?"

"அவ பேர்ல முதல் சீட்டு விழுந்திருக்குன்னு தெரிஞ்சதும் நாங்கதான் சார் அவளை அனுப்பினோம். சார்கிட்டப் போய்க் கேளு, சரி பண்ணிடுவாருன்னு. நாங்களும் கதவுகிட்ட நின்னோம். நீங்க யார் அனுப்பினதுன்னு கேட்டு விரட்டிட்டீங்க." அவன் காலால் தரையைத் தேய்த்தான். "அப்புறம் நானே ஆபீஸுக்குப் போகலாம்னு பார்த்தேன் சார். பயமா இருந்துச்சு."

ஃபிட்டருக்கு அவனைத் திட்ட வாய் வந்தது. அவன் பயந்தது பதினெட்டு வயதில். தான் பயந்தது ஐம்பத்தெட்டில். திட்டாமல் உள்ளே போனார்.

திங்கட்கிழமை அவள் வந்தாள். அவர் பதிவேட்டைத் தானே எடுத்துக்கொண்டார். எழுத்துக் கூட்டி, ஒவ்வொரு பெயராக, நெற்றியில் வேர்க்கப் படித்தார். இரண்டு பெயர் தப்பாக வந்தது. அந்தந்தப் பிள்ளைகள் திருத்தினார்கள். சிரித்துத் தொலைத்திருக்கலாம். ஒருவரும் சிரிக்கவில்லை. அரம் ஒன்றும் தேய்க்கவில்லை. வகுப்பு அடங்கிக் கிடந்தது. முதல்வர் அம்மா அந்த நேரம் எட்டிப் பார்த்திருந்தால் மெச்சியிருப்பார். ஃபிட்டருக்கு அந்தப் பழைய கிர்ர்ர் சத்தம் கேட்டால் தேவலை என்றிருந்தது.

பதினொன்றாவது பெயரை அவர் தடுமாறாமல் சொன்னார்.

"உள்ளேன்," என்றாள் அவள். அதற்கு மேலுமில்லை, கீழுமில்லை.

ஒரு வாரமாக வைஸில் கவ்விக் கிடந்த துண்டின் மேல் லேசாகத் துரு பூத்திருந்தது. ஃபிட்டர் மேஜையிலிருந்து எண்ணெய்த் துணியை எடுத்துக்கொண்டு நாலாம் வைஸ் வரை நடந்தார். "துடைச்சுட்டுத் தேய்ம்மா. துரு மேலாகத்தான் இருக்கு," என்று நீட்டினார்.

அவள் அந்தத் துணியைப் பார்த்தாள். தன் பையிலிருந்து வேறொரு துணியை எடுத்தாள். ஏதோ சட்டை தைத்து மிஞ்சிய வெட்டுத் துணி. அதால் துடைத்துவிட்டு, அரத்தை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள்.

நீட்டிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் ஃபிட்டர் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றார்.